வில்லன் யாருக்குச் சொந்தம்?

திருப்பூர் காதர்பேட்டையின் மொத்தக் கடைகளில் வரிசையாகத் தொங்கும் கறுப்பு டி-ஷர்ட்டுகளில் பேட்மேனின் வௌவால் சின்னமும் ஜோக்கரின் சிரிப்பும் அலுக்காமல் வந்துகொண்டே இருக்கின்றன. வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் தைத்து மிஞ்சிய சரக்கோ, செகண்ட்ஸோ, உள்ளூர்ப் பிரிண்டிங் பட்டறையில் அடித்ததோ, எந்த வழியில் வந்தாலும் அந்த முகத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் வேண்டும். நிறம் கூடக்கூட பீஸுக்கான கூலி ஏறும். வெள்ளை முகம், பச்சை முடி, சிவப்பு உதடு என்று கறுப்புத் துணியில் மூன்றே ஸ்கிரீன்களில் ஜோக்கரைக் கொண்டுவந்துவிடலாம். 1940-ல் மலிவான தாளில், எண்ணிச் சொல்லக்கூடிய நிறங்களில் அச்சாவதற்கென்றே வரையப்பட்ட முகம் அது. அந்த முகத்தை யார் போட்டுக்கொண்டு நடித்தாலும் அது ஜோக்கர்தான். இதே திருப்பூர் மாவட்டத்தின் காங்கேயத்தில் பிறந்தவர் பி.எஸ். வீரப்பா. ‘மகாதேவி’, ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’, ‘நாடோடி மன்னன்’ என்று 1950-களின் பிற்பகுதியில் தமிழ்த் திரையை அதிரவைத்த அந்தச் சிரிப்பை அறியாத சினிமா ரசிகர் இல்லை. ஆனால் அதைப் பனியனில் அடிக்க முடியாது. அது தொண்டையில் இருந்தது. அந்த மனிதரோடு போய்விட்டது.

‘சிறந்த வில்லன் யார்’ என்று தமிழ் ரசிகர்கள் ஓயாமல் நடத்தும் விவாதத்தின் அடியில் கிடப்பது இந்த வேறுபாடுதான் என்று நினைக்கிறேன். ஆங்கிலப் படங்களின் ரசிகர்கள் ஜோக்கரைப் பற்றிச் சண்டையிடும்போது எந்த ஜோக்கர் என்று கேட்கிறார்கள். 1966-ன் சீசர் ரொமீரோவா, 1989-ன் ஜாக் நிக்கல்சனா, 2008-ன் ஹீத் லெட்ஜரா, 2019-ன் வாக்கீன் ஃபீனிக்ஸா என்பது அவர்கள் வழக்கு. பாத்திரம் ஒன்று, அதை வந்து தொட்டுவிட்டுப் போகிறவர்கள் பலர். நாம் நம்பியாரா வீரப்பாவா, ரகுவரனா பிரகாஷ்ராஜா என்று நடிகர்களை எடைபோடுகிறோம். இங்கே நடிகர் ஒருவர். அவர் தொட்டுவிட்டுப் போகிற பாத்திரங்கள் பல. ரசனையில் இருக்கும் சிறு வித்தியாசமாக மட்டும் இதை எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. தமிழ் சினிமாவில் வில்லன் கதைக்குச் சொந்தமானவன் அல்லன், நடிகருக்குச் சொந்தமானவன். அதனால்தான் அவனை நாம் இவ்வளவு எளிதாக நேசிக்கிறோம். அதனால்தான் அவன் செய்த குற்றம் இவ்வளவு எளிதாக அவனைவிட்டு உதிர்ந்துவிடுகிறது. காமிக்ஸ் கதைகளைப் படமாக்குவது பற்றிய பேச்சு கிராஃபிக்ஸ் பற்றியும் பறக்கும் நாயகர்கள் பற்றியுமே சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த வகைப் படம் நமக்கு வேண்டும் என்பதற்கு நான் காணும் முதல் காரணம், கதைக்குச் சொந்தமான வில்லன்.

எம்.ஜி.ஆர். படங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் அவை ஒரு நீண்ட படக்கதைத் தொடராகவே தெரியும். ஒவ்வொரு படத்திலும் ஊரும் பெயரும் உடையும் மாறும். ஏழைகளின் பக்கம் நிற்கும் அந்த வீரன் மாறமாட்டான். அவனுக்கு எதிரில் பெரும்பாலும் எம்.என். நம்பியார். ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தில் கடற்கொள்ளைத் தலைவன், அதே 1965-ல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் சவுக்கெடுக்கும் கஜேந்திரன். கடற்கொள்ளைக்காரனுக்கும் வீட்டுக்குள் மைத்துனனை மிரட்டும் மனிதனுக்கும் கதையளவில் எந்த உறவும் இல்லை. ஆனால் கையைப் பிசைந்து கண்ணை உருட்டும் அந்த உடல் வந்து நின்றதும் கொட்டகைக்கு எல்லாம் புரிந்துவிடும். ஒரு காமிக்ஸ் தொடர் பல ஆண்டுகளில் கட்டும் பகையின் வரலாறு முழுவதையும் இங்கே ஒரு நடிகரின் உடல் சுமந்தது. வாராவாரம் வாங்கிப் படிக்க வேண்டிய புத்தகம் தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை படம் போதுமானதாக இருந்தது. காமிக்ஸ் நாயகர்கள் தமிழ்த் திரைக்கு வராமல் போனதற்குப் பணமின்மை மட்டும் காரணமில்லை. அவர்கள் உட்கார வேண்டிய நாற்காலியில் நட்சத்திரம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விளைவு உண்டு. வில்லனின் சக்தி நடிகரிடம் சேர்ந்துகொண்டே போகிறது; ஒரு கட்டத்தில் அவர் நாயகனாகிவிடுகிறார். 1976-ல் ‘மூன்று முடிச்சு’ படத்தில் நண்பன் நீரில் மூழ்குவதைப் பார்த்தும் காப்பாற்றாமல் இருக்கிறவன் ரஜினிகாந்த். அடுத்த ஆண்டு ‘16 வயதினிலே’யின் பரட்டை. இந்த இரண்டு மனிதர்களும் அருவருக்கத்தக்கவர்கள். கதையும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ரசிகர்கள் வீட்டுக்கு எடுத்துப்போனது சிகரெட்டைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் கையை, அந்த நடையை, பேச்சின் வேகத்தை. சில ஆண்டுகளில் அதே கையும் நடையும் நியாயத்தின் பக்கம் வந்து நின்றுகொண்டன. கோவைக்காரர் சத்யராஜின் பாதையும் இதுவே. 1984-ல் மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ படத்தில் மொட்டைத் தலையோடு வந்து பயமுறுத்தினார். 1985-ல் ‘காக்கிச்சட்டை’யின் ‘தகடு தகடு’ ஊரெல்லாம் ஒலித்தது. 1986-ல் ‘கடலோரக் கவிதைகள்’ அவரை நாயகனாக்கிவிட்டது. திறமைசாலிகள் மேலே வந்தார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் வில்லனின் இடம் காலியாகிவிடுகிறது. அவன் எதற்காக அஞ்சப்பட வேண்டியவனாக இருந்தான் என்ற நினைவும் நடிகரோடு கிளம்பிவிடுகிறது. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இந்த விதியை மீறிய படம் என்று ‘அமைதிப்படை’யைச் (1994) சொல்வேன். சூலூர்க்காரர் மணிவண்ணன் இயக்கியது. கொங்கு வட்டாரத்தின் பேச்சும் நக்கலும் அதன் ரத்தத்திலேயே ஓடுகின்றன. கோயிலில் உடைக்கும் தேங்காய்ச் சில்லைப் பொறுக்கித் திரிந்த அமாவாசை, நாகராஜ சோழன் எம்.ஏ. ஆகிறான். வாக்கு எண்ணும் நாளில் மணிவண்ணனின் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நாற்காலியின் நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பவன், வாக்குகள் ஏற ஏற மெல்லப் பின்னால் சாய்கிறான், தோள் விரிகிறது, கால்மேல் கால் ஏறுகிறது. இரண்டு நிமிடத்துக்குள் ஒரு மனிதன் அதிகாரமாக மாறுவதைத் தமிழ் சினிமா இதைவிடத் துல்லியமாகக் காட்டியதாகத் தெரியவில்லை. அந்தப் படத்தில் நாயகனும் சத்யராஜ்தான். அமாவாசையின் மகன் தங்கவேல். அந்த மகனை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? வில்லன் நாயகனை விழுங்கிவிட்டான். ஆனாலும் அமாவாசையை யாரும் தலைவனாகக் கொண்டாடவில்லை. அரசியல்வாதி ஒருவரை ஏச வேண்டுமானால் அமாவாசை என்பார்கள். ரசிகர்கள் அவனை ரசித்தார்கள், மேற்கோள் காட்டினார்கள், குற்றத்தையும் சேர்த்தே நினைவில் வைத்தார்கள். அவன் உட்காரும் முறை, சிரிக்கும் முறை, பேசும் முறை எல்லாமே அவன் யாரை ஏமாற்றி மேலே வந்தான் என்பதோடு பின்னப்பட்டிருந்ததால், அவற்றைத் தனியே பிய்த்தெடுக்க முடியவில்லை.

பிய்த்தெடுக்க முடிந்தால் என்ன ஆகும் என்பதை 2023-ல் பார்த்தோம். மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ அந்த ஜூன் இறுதியில் திரைக்கு வந்து, ஜூலை இறுதியில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. சேலம் வட்டாரத்தில் அமைத்த கற்பனைத் தனித்தொகுதி காசிபுரம். அதன் தலித் சட்டமன்ற உறுப்பினர் வடிவேலுவின் மாமன்னன். ஆதிக்க சாதிக்காரரான கட்சிப் பிரமுகர் ரத்னவேலுவாக ஃபகத் ஃபாசில். இங்கேயும் ஒரு நாற்காலிதான் மையம். இத்தனை ஆண்டுகள் அரசியலில் இருந்தும் ரத்னவேலுவின் முன் மாமன்னன் உட்காருவதில்லை. மகன் தந்தையை உட்காரச் சொல்லும்போதுதான் எல்லாம் வெடிக்கிறது. அமாவாசையின் நாற்காலியைவிடக் கூர்மையான படிமம் இது, ஏனென்றால் வாக்குகளால்கூட இந்த நாற்காலியை வாங்க முடியாது. படம் வீட்டுத் திரைக்கு வந்ததும் நடந்தது வேறு. ரத்னவேலு நடந்து வருவதும் முறைப்பதும் உறுமுவதும் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, படத்தின் ஒலி நீக்கப்பட்டு, வெவ்வேறு சாதிகளின் பெருமைப் பாடல்கள் அவற்றின் மேல் ஒட்டப்பட்டன. சாதியை எதிர்த்து எடுத்த படத்தின் வில்லன் சாதிப் பெருமையின் நாயகனானான். பந்தயத்தில் தோற்ற நாயை அடித்தே கொல்லும் மனிதன் அவன் என்பது அந்தத் துணுக்குகள் எதிலும் இல்லை.

ரசிகர்கள் என்ன குழந்தைகளா, நடிப்பை நடிப்பாகப் பார்க்கத் தெரியாதா என்று ஒரு தரப்பு கேட்கும். பெரும்பான்மை விஷயத்தில் அது சரியான கேள்வி. நம்பியார் நிஜ வாழ்க்கையில் சபரிமலைக்கு ஆண்டுதோறும் பலரை அழைத்துப்போன குருசாமி என்பது ஊரறிந்த செய்தி. அதைத் தெரிந்துகொண்டே மக்கள் திரையில் அவரைத் திட்டினார்கள். தெரியாமல் ஏமாறுவதில்லை ரசிகர்கள். ‘மாமன்னன்’ துணுக்குகளை வெட்டியவர்களும் ஏமாந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தது, அதை எங்கே வெட்டலாம் என்றும் தெரிந்திருந்தது. ஆகவே குற்றம் வெட்டியவர்களுடையது, படத்துடையதல்ல என்பது இரண்டாவது தரப்பு. இதையும் பெருமளவுக்கு ஏற்கிறேன். சாதிவெறிக்கான பொறுப்பை ஓர் இயக்குநரின் கேமரா கோணத்தின் மேல் ஏற்றுவது அநியாயம். ஆனாலும் வெட்டுவதற்கு அங்கே ஏதோ தயாராக இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஃபகத் ஃபாசில் என்ற பெருநடிகர் தன் உடலால் கட்டிய கம்பீரம் அந்தச் சட்டகங்களில் தனித்து நின்றது. கதையிலிருந்து கழற்றினாலும் நின்றது. நட்சத்திரத்தை உடலால் அடையாளம் காணப் பல தலைமுறைகளாகப் பழகிய கண்களுக்கு அது வில்லனின் உடலாகத் தெரியவில்லை. நாயகனின் உடல் தவறான வரிசையில் நிற்பதாகத் தெரிந்தது. அவர்கள் அதைத் தூக்கிச் சரியான வரிசையில் வைத்துவிட்டார்கள்.

தமிழுக்குக் காமிக்ஸ் மரபே இல்லை, பிறகு எதைத் தழுவுவது என்று சிலர் சொல்வதுண்டு. இது தவறு. ‘தினத்தந்தி’யில் 1960-ல் தொடங்கிய ‘கன்னித்தீவு’ சிந்துபாத்தையும் மந்திரவாதி மூசாவால் சிற்றுருவாக்கப்பட்ட லைலாவையும் எத்தனையோ தலைமுறை வாசகர்களிடம் கொண்டுசேர்த்தது. தேநீர்க் கடையில் பத்திரிகையைப் புரட்டியவர்கள் எல்லாரும் மூசாவை அறிவார்கள். சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் வந்தது. 1984-ல் லயன் காமிக்ஸும், ‘தினத்தந்தி’ குழுமத்தின் ராணி காமிக்ஸும் வந்தன. முத்து காமிக்ஸின் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962-ல் தொடங்கி, கெனத் புல்மர் எழுத ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த கதை அது. ஆய்வகத்தில் கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட லூயி கிராண்டல் என்ற உதவியாளர், மின்சாரம் உடலில் பாய்ந்தால் அந்தக் கை மட்டும் தெரிய மற்றபடி மறைந்துவிடுவார். பலர் மறந்துபோன ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் கதையின் தொடக்கத்தில் கிராண்டல் வில்லன். அந்தச் சக்தி கிடைத்ததும் அவர் முதலில் போன வழி குற்றத்தின் வழி. பிறகுதான் திருந்தி நிழற்படை என்ற ரகசிய அமைப்பின் உளவாளியானார். லயன் காமிக்ஸின் பெரும் செல்லப்பிள்ளை ஸ்பைடரும் அப்படியே. 1965-ல் பிரிட்டிஷ் ‘லயன்’ இதழில் பிறந்தபோது அவனுக்கு இருந்த ஆசை குற்ற உலகின் சக்கரவர்த்தியாவது; சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெரி சீகல் பின்னால் அவனுக்குக் கதை எழுதினார்; குற்றவாளிகளை வேட்டையாடுபவனாக அவன் மெல்ல மாறினான்.

தமிழ் வாசகர்கள் மிகவும் நேசித்த இரண்டு காமிக்ஸ் நாயகர்களும் வில்லன்களாகத் தொடங்கியவர்கள். ரஜினியும் சத்யராஜும் நடந்த பாதைபோல் இது தோன்றலாம். ஒரு வேறுபாடு இருக்கிறது. ரஜினி நல்லவனானபோது பரட்டை செய்ததற்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை, ஏனென்றால் பரட்டை வேறு கதையின் மனிதன், அந்தக் கதையிலேயே செத்தும்போனான். கிராண்டல் நல்லவனானபோது பழைய குற்றங்களைச் செய்ததும் அதே கிராண்டல்தான். மாற்றம் ஒரே மனிதனுக்குள், ஒரே கதைக்குள் நடந்தாக வேண்டும். ஏன் மாறினான் என்று எழுத்தாளர் சொல்லியாக வேண்டும். குற்றத்தை அப்படியே நழுவவிட அந்த வடிவம் அனுமதிப்பதில்லை.

வில்லன் கதைக்குச் சொந்தமாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. அது காமிக்ஸ் அல்ல, ஆனால் படங்களோடு வந்த தொடர்கதை. 1950-ல் ‘கல்கி’ இதழில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னின் நந்தினியை மணியத்தின் ஓவியங்கள் வழியாகத்தான் வாசகர்கள் மனத்தில் கண்டார்கள். 1999-ன் ‘படையப்பா’வில் ரம்யா கிருஷ்ணன் நடித்த நீலாம்பரி நந்தினியிடமிருந்து பிறந்தவள் என்பதை ரஜினிகாந்தே ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தின் இசை வெளியீட்டு மேடையில் சொன்னார். மணிரத்னத்தின் படங்கள் 2022, 2023-ல் வந்தபோது ஐஸ்வர்யா ராயின் நந்தினி கல்கியின் நந்தினிதானா, அவள் முடிவை மாற்றியது சரியா என்று ரசிகர்கள் வாதாடிய தரம் வேறாக இருந்தது. நடிகையின் கம்பீரத்தோடு பேச்சு நிற்கவில்லை. நந்தினிக்கு நேர்ந்த அநீதி எது, அவள் செய்த அநீதி எது என்று அது நீண்டது. அந்த வழக்கில் பேசியவர்கள் கையில் மூலம் இருந்தது. எந்த நடிகையாலும் அவளை முழுதாகத் தன்னோடு எடுத்துப்போக முடியாது. நாளை இன்னொருத்தி வந்து நடித்தாலும் நந்தினி இருப்பாள்.

காமிக்ஸ் வில்லன்களும் கழற்றப்படுகிறார்களே, ஜோக்கரை வெறும் கலகத்தின் சின்னமாக அணிகிறவர்கள் இல்லையா, தானோஸ் சொன்னது சரிதான் என்று வாதிடுகிறவர்கள் இல்லையா என்பது வலுவான மறுப்பு. காதர்பேட்டை டி-ஷர்ட்டே அதற்குச் சாட்சி. அந்தச் சிரிப்பை அணியும் பையன் ஜோக்கர் செய்த கொலைகளை நினைத்து அணிவதில்லை. மூன்று ஸ்கிரீனில் அடிபடும் முகம் கதையைவிட்டுக் கிளம்புவது இன்னும் சுலபம் என்றுகூட ஒருவர் வாதிடலாம். நான் சொல்வது அங்கே கழற்றுதல் நடக்காது என்றல்ல. கழற்றியதைத் திரும்பப் பூட்ட அங்கே அடுத்தவருக்கு வழி இருக்கிறது. 2019-ன் ‘ஜோக்கர்’ அனுதாபத்தைக் கொட்டியது, ஃபீனிக்ஸுக்கு ஆஸ்கரும் வாங்கித்தந்தது. 2024-ல் அதே இயக்குநர் டாட் ஃபிலிப்ஸ் இரண்டாம் பாகத்தில், ஜோக்கர் என்று ஒருவன் இல்லை என்று ஜோக்கர் வேடமிட்ட ஆர்தரையே நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள வைத்தார். ரசிகர்கள் அதை வெறுத்தார்கள், படம் வசூலில் விழுந்தது. ஆனால் அந்தப் பதில் சொல்லப்பட்டது. பாத்திரத்தின் வரலாற்றில் அது இனி இருக்கும், அடுத்து எழுதுகிறவர் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். ரத்னவேலுவுக்கு அப்படி யார் பதில் எழுதுவது? ஒரே படத்தோடு முடிந்தவன் அவன். துணுக்குகள் மட்டும் உயிரோடு இருக்கின்றன.

தமிழ்த் திரை இந்தப் பக்கம் எட்டிப்பார்க்காமலும் இல்லை. சிம்புதேவன் 2010-ல் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ எடுத்தது லயன், முத்து வாசகர்களுக்கான அன்பளிப்பு. மிஷ்கினின் ‘முகமூடி’யும் (2012), படக்கதை வரைபவனை நாயகனாக்கிய மடோன் அஸ்வினின் ‘மாவீர’னும் (2023) குறிப்பிடத்தக்கவை. ஆனால் மூன்றுமே நாயகனைப் பற்றிய யோசனைகள். கோவைப் பக்கத்திலிருந்து வந்த லோகேஷ் கனகராஜ் ‘கைதி’, ‘விக்ரம்’, ‘லியோ’ என்று பாத்திரங்கள் படம்விட்டுப் படம் நடமாடும் ஓர் உலகத்தைக் கட்டியபோது காமிக்ஸ் முறை முதன்முறையாக இங்கே வேர்பிடித்தது. ‘விக்ரம்’ படத்தின் கடைசிச் சில நிமிடங்களில் சூர்யா வில்லன் ரோலக்ஸாக வருகிறார். அவ்வளவுதான், ரசிகர்கள் அவனைத் தூக்கிக்கொண்டார்கள். ரோலக்ஸ் இதுவரை செய்தது கொஞ்சம், பேசியது கொஞ்சம். அவன்மேல் விழுந்த கைத்தட்டல் சூர்யாவுக்கானதா ரோலக்ஸுக்கானதா என்பது அவன் கதை எழுதப்படும்போதுதான் தெரியும். அடுத்த படத்தில் அவனுக்கு ஒரு சோகமான இளமையும் இறந்துபோன தங்கையும் கிடைத்து நல்லவனாகிவிட்டால், பரட்டைக்கு நடந்தது இவனுக்கும் நடந்ததாகவே கொள்ளலாம்.

அதே லோகேஷ் ‘இரும்புக்கை மாயாவி’யைத் தன் கனவுப் படமாகப் பல பேட்டிகளில் சொல்லிவந்திருக்கிறார். அது பிரிட்டிஷ் கதையைத் தழுவினாலும், பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு புதுக்கதை சொன்னாலும், என் கவலை ஒன்றுதான். நட்சத்திர நடிகர் கையில் அந்த இரும்புக் கை மாட்டப்பட்டதும், அவர் பிம்பத்துக்குக் கறை படியக் கூடாது என்று தொடக்கத்துக் குற்றவாளியைக் கழுவித் துடைத்துவிடுவார்கள். ஆய்வக விபத்து நடந்த மறுநாளே அவர் அநாதைகளைக் காப்பாற்றப் புறப்படுவார். அப்படிச் செய்யாமல் கிராண்டலை முதல் ஒரு மணி நேரமாவது பயப்படத்தக்கவனாக விட வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் போகிற சக்தி கிடைத்தால் ஒரு சாதாரண உதவியாளன் முதலில் எதைத் திருடுவான், யாரைப் பழிவாங்குவான் என்று படம் நேர்மையாகக் காட்ட வேண்டும். அவன் திரும்பி வந்தால் எந்த இடத்தில், யார் முன்னால் தலைகுனிந்து திரும்பினான் என்பதும் திரையில் இருக்க வேண்டும். அந்தரத்தில் தனியே மிதக்கும் இரும்புக் கையைக் காதர்பேட்டையில் ஒரே ஸ்கிரீனில் அடித்துவிடலாம், அதில் சந்தேகமில்லை. அந்தக் கை யாருடைய கழுத்தை நெரித்தது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கும்படி எடுப்பது இயக்குநரின் வேலை. எடுத்திருக்கிறாரா என்று கேட்டு வாதாடுவது ரசிகர்களின் வேலை.